40 என்றால் எதில் 40? ஜெர்மனியில் புதுவீட்டுக்கான அரசுச் சலுகைத் தரங்கள்

கேள்வி: ஜெர்மனியில் 140 சதுர மீட்டரில் சொந்த வீடு கட்டப்போகிறோம். பில்டரின் விளம்பர ஏட்டில் "கே.எஃப்.டபிள்யூ 40 தரம்" என்று போட்டிருக்கிறது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 40 யூனிட்தான் செலவாகும், அரசு ஒன்றரை லட்சம் யூரோ மானியம் தரும் என்கிறார். அடுத்த வாரம் ஒப்பந்தம் போடச் சொல்கிறார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், சலுகையைப் பொறுத்தவரை வேலையைத் தொடங்கிவிட்டதாகவே கணக்கு. அதன் பிறகு விண்ணப்பித்தால் கிடைக்காது. மனையை வாங்குவதற்கும், வரைபடம், ஆலோசனை போன்றவற்றுக்குப் பணம் கொடுப்பதற்கும் தடையில்லை. பில்டர் விடாப்பிடியாக நின்றால், "அரசுச் சலுகை உறுதியானால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும்" என்ற நிபந்தனையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை. வீடு எல்லா வகையிலும் தகுதி பெற்றிருந்தும், கையெழுத்து சில நாட்கள் முந்திப்போனதால் சலுகைக் கடனை இழந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஒருமுறை போட்ட தேதியை யாராலும் மாற்ற முடியவில்லை.

இனி அந்த 40க்கு வருவோம். பில்டர் சொல்வது இன்றைக்குத் தவறு. ஆனால் அவர் அதை வெறுங்கற்பனையில் சொல்லவில்லை. 2000களின் தொடக்கத்தில் "கே.எஃப்.டபிள்யூ 40 வீடு", "60 வீடு" என்று சொன்னபோது, அந்த எண் உண்மையிலேயே சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட் முதன்மை ஆற்றல் (வீட்டுக்கு வந்து சேரும்வரை வழியில் ஆகும் செலவையும் சேர்த்த ஆற்றல்) என்ற உச்சவரம்பைத்தான் குறித்தது. 2009இல் முறை மாறியது. எண் சதவீதம் ஆனது, பெயரும் "எஃபிட்சியென்ஸ்ஹவுஸ்" (ஆற்றல் சிக்கன வீடு) என்றானது. பழைய பொருள் மட்டும் விற்பனையாளர்களின் வாயில் இன்னும் தங்கிவிட்டது. (கே.எஃப்.டபிள்யூ என்பது 1948இல் போருக்குப் பிந்திய மறுகட்டுமானத்துக்காகத் தொடங்கப்பட்ட அரசு வங்கி, தலைமையகம் ஃபிராங்க்ஃபர்ட். ஜெர்மானியர்கள் "காஎஃப்வே" என்பார்கள்.)

சதவீதம் என்றால் எதில் சதவீதம்? மேற்கோள் கட்டடம் என்று ஒரு வீட்டைச் சட்டம் கற்பனையாகக் கட்டுகிறது. அது உங்கள் வீட்டின் அச்சு நகல்: அதே வடிவம், அதே அளவு, அதே திசை, அதே ஜன்னல் பரப்பு. சுவர், கூரை, ஜன்னல், கொதிகலன் ஆகியவற்றின் தரத்தை மட்டும் கட்டட ஆற்றல் சட்டம் நிர்ணயித்திருக்கும். 2020 நவம்பர் 1இல் அமலுக்கு வந்த சட்டம் அது. அந்த நகல் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 பங்கு முதன்மை ஆற்றல் தேவை என்றால், உங்கள் வீட்டுக்கு 40 பங்குக்கு மேல் தேவைப்படக் கூடாது. 40 என்ற எண்ணின் பொருள் இதுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நகல் உங்கள் வீட்டின் வடிவத்தையே எடுத்துக்கொள்வதால், வடிவத்தின் குறை கணக்கில் தெரிவதில்லை. மூலைக்கு மூலை முகப்பு நீட்டி, மாடத்துக்கு மேல் மாடம் வைத்து வரைந்தால் வெளிச்சுவரின் பரப்பு கூடும், வெப்பம் அதிகமாக வெளியேறும். ஆனால் நகல் வீட்டுக்கும் அதே மூலைகள் உண்டே! எனவே சதவீதம் பெரிதாக அசையாது. பெட்டி போல அடக்கமாகக் கட்டிய வீடும் கோணல்மாணலாக விரிந்த வீடும் ஒரே "40" சான்றிதழைப் பெறலாம், வெப்பச் செலவு மட்டும் வேறாக இருக்கும். ஆகவே சான்றிதழின் எண்ணைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். தேவையில்லாத ஒரு மூலையை அழித்தால் கட்டும் செலவும் குறையும், வெப்பச் செலவும் குறையும். எந்த மானியமும் இதற்கு ஈடாகாது.

எஃபிட்சியென்ஸ்ஹவுஸ் 40 என்று பெயர் வாங்க இரண்டு தேர்வுகளில் தேற வேண்டும். ஒன்று, இதுவரை சொன்ன முதன்மை ஆற்றல்: நகலின் 40 சதவீதத்துக்குள். இன்னொன்று, சுவர், கூரை, ஜன்னல், தரை ஆகியவை சேர்ந்த வெளியுறை வழியாகப் போகும் வெப்ப இழப்பு: நகலின் 55 சதவீதத்துக்குள். எஃபிட்சியென்ஸ்ஹவுஸ் 55 என்றால் இதே இரண்டும் 55, 70. விளம்பரத்தில் முதல் எண் மட்டுமே வரும். ஆனால் வீட்டின் தரத்தைச் சொல்வது இரண்டாவது எண்தான்.

ஏன் அப்படி? முதன்மை ஆற்றல் என்பது மீட்டரில் ஓடும் யூனிட் அல்ல. எரிபொருள் சுரங்கத்திலிருந்தோ மின்நிலையத்திலிருந்தோ வீட்டுக்கு வந்து சேரும்வரை வழியில் ஆன செலவையும் சேர்த்து ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். இயற்கை எரிவாயுவுக்கு 1.1, மின்சாரத்துக்கு 1.8, மரத்துக்கு 0.2. இப்போது ஒரு கணக்கு. நகல் வீட்டில் எரிவாயுக் கொதிகலன் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு யூனிட் வெப்பத்துக்குச் சிறு இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 1.15 யூனிட் முதன்மை ஆற்றல் ஆகிறது. உங்கள் வீட்டில் ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து உள்ளே தரும் கருவி) வைத்து, அது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாலு யூனிட் வெப்பம் தந்தால், 1.8ஐ 4ஆல் வகுக்க வேண்டும்: 0.45. 1.15இல் 0.45 என்பது 39 சதவீதம். சுவரில் ஒரு சென்டிமீட்டர் கூடச் சேர்க்காமலே முதல் தேர்வில் ஏறக்குறைய தேறிவிட்டீர்கள்! சுடுநீர், மின்விசிறி எல்லாம் சேர்த்தால் உண்மைக் கணக்கு கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. மரத்துகள் அடுப்பு வைத்தால் 0.2 என்ற காரணியால் எண் இன்னும் அழகாகத் தெரியும்.

கருவியை மாற்றியே எண்ணைக் குறைத்துவிட முடிகிறது. அதைத் தடுக்கத்தான் இரண்டாவது தேர்வு. ஹீட் பம்ப்பை 20 வருடத்தில் மாற்றிவிடலாம். சுவர் 80 வருடம் நிற்கும், அதை யார் மாற்றுவது? அதனால்தான் நான் யாரைச் சந்தித்தாலும் "வெளியுறைச் சதவீதம் என்ன?" என்றே முதலில் கேட்கிறேன்.

அந்த 55 சதவீதம் சுவரில் எப்படித் தெரியும் என்று கிட்டத்தில் பார்ப்போம். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதே யு மதிப்பு. சிறிதாக இருந்தால் நல்லது. நகல் வீட்டின் வெளிச்சுவருக்கு 0.28, கூரைக்கு 0.20, ஜன்னலுக்கு 1.3, தரைக்கு 0.35. எல்லாவற்றையும் 0.55ஆல் பெருக்குங்கள்: சுவர் 0.15, கூரை 0.11, ஜன்னல் 0.72, தரை 0.19. எஃபிட்சியென்ஸ்ஹவுஸ் 40இல் சாதாரணமாகக் காணும் அளவுகள் ஏறக்குறைய இவைதான். ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி இல்லாமல் இந்த எண் வராது. சுவரைக் கனிமக் கம்பளியால் மட்டும் காப்பதாக வைத்துக்கொண்டால், 0.28க்கு 12 சென்டிமீட்டர் தடிமன் போதும். 0.15க்கு 23 சென்டிமீட்டர் வேண்டும். இந்தப் 11 சென்டிமீட்டருக்குப் பலன் என்ன? வெளியே பூஜ்யம், உள்ளே 20 டிகிரி என்றால், 150 சதுர மீட்டர் சுவர் வழியே முன்பு 840 வாட் போய்க்கொண்டிருந்தது, இப்போது 450 வாட். இரவும் பகலும், குளிர்காலம் முழுக்க.

பில்டர்கள் அதிகம் வழுக்கும் இடம் சுவரல்ல, வெப்பப் பாலம். பால்கனித் தளம் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடம், ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் விளிம்பு, அடித்தளமும் சுவரும் சந்திக்கும் கோடு ஆகிய இடங்களில் வெப்பம் குறுக்கு வழியில் ஓடிவிடும். இவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிடாமல் விட்டால், வெளியுறை முழுமைக்கும் யு மதிப்பில் 0.10 என்று தண்டமாகச் சேர்க்கச் சொல்கிறது விதி. விதிநூலில் உள்ள மாதிரி விவரங்களின்படி கட்டினால் 0.05, அதிலேயே மேம்பட்ட வகைக்கு 0.03. ஒவ்வொரு சந்திப்பையும் தனியாகக் கணக்கிட்டால் அதற்கும் கீழே இறக்கலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். நகல் வீட்டின் சராசரி வெளியுறை இழப்பு 0.36 என்று வையுங்கள். அதில் 55 சதவீதம் 0.20. அந்த 0.20க்குள் சுவர், கூரை, ஜன்னல், தரை எல்லாம் அடங்க வேண்டும். கணக்குப் போடச் சோம்பல்பட்டு 0.10ஐச் சேர்த்தால், பாதி ஒதுக்கீடு காகிதத்திலேயே கரைந்துவிடும்! மீதிப் பாதியில் ஒப்பேற்ற, சுவரில் இன்னும் பல சென்டிமீட்டர் காப்பு வைக்க வேண்டியிருக்கும். நிபுணர் சில நாட்கள் உட்கார்ந்து சந்திப்புகளைக் கணக்கிடுவதற்கு ஆகும் கட்டணம், அந்தக் கூடுதல் காப்புக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே பில்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "வெப்பப் பாலத்துக்கு எந்த எண்ணைச் சேர்த்திருக்கிறீர்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால், அவரிடம் 40க்கான கணக்கே இன்னும் இல்லை என்று பொருள்.

"55 தரம்" என்ற விளம்பரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் புதுவீடுகளுக்குமே முதன்மை ஆற்றல் நகலின் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் 75 ஆக இருந்தது. ஆனால் வெளியுறைக்கு நகலின் அளவே போதும் என்று விட்டுவிட்டார்கள், 70 சதவீதம் கேட்கவில்லை. அதனால் சட்டத்தின் குறைந்தபட்ச அளவில் கட்டிய வீட்டுக்கே ஒருவர் "55" என்று பெயர் ஒட்டலாம். உண்மையான எஃபிட்சியென்ஸ்ஹவுஸ் 55க்கும் அதற்கும் சுவரில் வித்தியாசம் உண்டு.

இப்போது பணம். அந்த ஒன்றரை லட்சம் மானியம் அல்ல, கடன். 2023 மார்ச் 1இல் தொடங்கிய "காலநிலைக்கு உகந்த புதுக்கட்டுமானம்" திட்டத்தில், 40 தரத்தை எட்டும் வீட்டுக்கு ஒரு குடியிருப்புக்கு 1 லட்சம் யூரோ வரை குறைந்த வட்டியில் தருகிறார்கள். சொந்தமாகக் குடியிருப்போருக்குத் திட்ட எண் 297, மற்றவர்களுக்கு 298. கியூ.என்.ஜி. என்ற அரசின் நிலைத்தன்மை முத்திரையும் வாங்கினால் 1.5 லட்சம் வரை. கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் பழைய வழக்கம் இந்தத் திட்டத்தில் இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் லாபம் வட்டி வித்தியாசம் மட்டுமே. உங்கள் வங்கியின் வட்டியைவிட ஒரு சதவீதப் புள்ளி குறைவாகக் கிடைத்தால், 1 லட்சத்துக்கு முதல் ஆண்டில் 1,000 யூரோ மிச்சம். அசல் குறையக் குறைய மிச்சமும் குறையும். வட்டி வித்தியாசம் மாதத்துக்கு மாதம் மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் இந்தக் கணக்கை நீங்களே போட்டு, 40ஐ எட்ட ஆகும் கூடுதல் செலவோடு ஒப்பிடுங்கள்.

கியூ.என்.ஜி.யைப் பற்றி ஒரு வார்த்தை. 297க்குத் தகுதி பெற ஆற்றல் கணக்கு மட்டும் போதாது. சிமெண்ட், செங்கல், காப்புப்பொருள் தயாரிப்பு தொடங்கி 50 ஆண்டு பயன்பாடு வரைக்கும் வெளியாகும் கரிம வாயுவைக் கூட்டி, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 24 கிலோவுக்குள் வர வேண்டும். எண்ணெய், எரிவாயு, மரம் எரிக்கும் வெப்பமூட்டலுக்கு இடமில்லை. மேலே சொன்ன 0.2 என்ற குறுக்கு வழியை அடைத்தது இந்த விதி, அதை நான் மனதார வரவேற்கிறேன். முத்திரையே வேண்டும் என்றால் இவற்றுக்கு மேல் தனி நிறுவனத்தின் சான்றும் வேண்டும், அதற்குத் தனிச் செலவு உண்டு. கூடுதலாகக் கிடைப்பது 50,000 யூரோ கடன். அந்தக் கடனில் மிச்சமாகும் வட்டி சான்றின் செலவைத் தாண்டுமா என்று பாருங்கள். ஒற்றைக் குடும்ப வீட்டுக்குப் பல சமயம் தாண்டாது என்பதே என் கருத்து.

குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், உங்கள் பெயரில் வேறு குடியிருப்பு இல்லை என்றால், திட்ட எண் 300ஐப் பாருங்கள். ஒரு குழந்தையுள்ள குடும்பத்துக்கு வரிக்குரிய ஆண்டு வருமானம் 90,000 யூரோ வரை, ஒவ்வொரு கூடுதல் குழந்தைக்கும் 10,000 சேர்த்து. கட்டடத் தரம் அதே 40தான், கடன் தொகை பெரிது.

திட்டங்கள் திடீரென நிற்கவும் செய்யும். 55 தரத்துக்கான உதவி 2022 ஜனவரி 31உடன் முடியும் என்று அறிவித்திருந்தார்கள். கடைசி நேரத்தில் விண்ணப்பங்கள் குவியவே, ஒரு வாரம் முன்பே, ஜனவரி 24ஆம் தேதி, புதுவீட்டு விண்ணப்பங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் 20ஆம் தேதி 40 தரத்துக்கு மட்டும் 100 கோடி யூரோவோடு மீண்டும் திறந்தபோது, சில மணி நேரத்தில் பணம் தீர்ந்தது. அதனால் சலுகை இல்லாமலே வீட்டுக்கடன் தாங்குமா என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். வட்டி, தொகை, நிபந்தனை எல்லாவற்றையும் விண்ணப்பிக்கும் வாரத்தில் கே.எஃப்.டபிள்யூ பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

விண்ணப்பிக்கும் வழி இது. முதலில் ஆற்றல் நிபுணர். மத்திய அரசின் நிபுணர் பட்டியலில் பெயர் இருப்பவராக இருக்க வேண்டும். பில்டரே ஒருவரைக் கூட்டிவருவார். சட்டப்படி தவறில்லை, ஆனால் கட்டுகிறவரைச் சோதிக்க வேண்டியவர் அவரிடமே சம்பளம் வாங்குவது எனக்கு உவப்பில்லை. முடிந்தால் நீங்களே நியமியுங்கள். அவர் கணக்குப் போட்டு, விண்ணப்பத்துக்கான உறுதிச்சான்றைத் தருவார். அதை எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக்குப் போக வேண்டும். கே.எஃப்.டபிள்யூ நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை, வங்கி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். சில வங்கிகள் தங்கள் சொந்தக் கடனையே விற்கப் பார்க்கும். அப்படி என்றால் வேறு வங்கியைப் பாருங்கள். ஒப்புதல் வந்த பிறகு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் "40 தரம்" என்று பொத்தாம் பொதுவாக எழுத விடாதீர்கள். "நிபுணரின் இன்ன தேதியிட்ட கணக்கின்படி எஃபிட்சியென்ஸ்ஹவுஸ் 40, அந்தக் கணக்கு இதன் இணைப்பு" என்று எழுதச் சொல்லுங்கள்.

பில்டர் சொன்ன யூனிட் கணக்குக்குத் திரும்புவோம்: அப்படியானால் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட்தான் ஆகும்? ஆற்றல் சான்றில் ஒரு எண் இருக்கும். அதில் வரும் சதுர மீட்டர் நீங்கள் குடியிருக்கும் சதுர மீட்டர் அல்ல. வீட்டின் வெளிக்கன அளவை 0.32ஆல் பெருக்கி ஒரு பரப்பைக் கற்பிக்கிறார்கள். 600 கன மீட்டர் வீடு என்றால் 192 சதுர மீட்டர். நீங்கள் நடமாடுவதோ 140. வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகத்தானே தெரியும்? பாசிவ் ஹவுஸ் என்ற தனியார் தரத்தில் சொல்லும் 15 யூனிட்டை இதோடு ஒப்பிடவே கூடாது. அது உண்மையான குடியிருப்புப் பரப்பை வைத்துச் சொல்வது, வெப்பமூட்டலுக்கான தேவையை மட்டும் சொல்வது.

கடைசியாகக் கட்டும் காலத்துக்கு ஒரு வேலை. வாசலில் மின்விசிறி பொருத்தி, வீட்டுக்கு உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கிக் கசிவை அளக்கும் சோதனை ஒன்று உண்டு, புளோயர் டோர் என்பார்கள். காற்றோட்டக் கருவி உள்ள வீட்டில் மணிக்கு வீட்டுக் காற்று ஒன்றரை முறைக்கு மேல் மாறக் கூடாது என்பது சட்ட வரம்பு. நல்ல கைவேலைக்கு அதைவிட மிகக் குறைவாகவே வரும். இந்தச் சோதனையை வீடு முடிந்த பிறகு மட்டும் செய்யாதீர்கள். காற்றுத்தடைப் படலம் கண்ணுக்குத் தெரியும்போதே, உட்பலகை அடிப்பதற்கு முன் ஒருமுறை செய்யுங்கள். நான் போன ஒரு வீட்டில், மாடி ஜன்னல் மேலே விரலை வைத்தால் ஊசி போலக் குளிர்காற்று குத்தியது. ஷட்டருக்கு மின்கம்பி இழுத்தவர் படலத்தைத் துளைத்துவிட்டு ஒட்டாமல் போயிருந்தார். பட்டை நாடா ஒன்றை ஒட்டியதும் காற்று நின்றது, ஐந்து நிமிட வேலை. பலகை அடித்த பிறகு என்றால் அந்தத் துளையைத் தேடவே சுவரைப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும்.

காப்புப்பொருள் இறங்கும் அன்றைக்குப் பொட்டலத்தின் மேலுள்ள சீட்டைப் படமெடுத்து வையுங்கள். தடிமனும் வெப்பக் கடத்து எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். ஜன்னல் வந்தால் கண்ணாடி விளிம்பிலுள்ள முத்திரையையும். வேலை முடிந்ததும் நிபுணர் முடிவுச்சான்று எழுதும்போது இவற்றைக் கேட்பார். ரசீதுகளோடு சேர்த்து 10 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கே.எஃப்.டபிள்யூ எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கக் கேட்கலாம்.